கடல் தெற்கே இருக்கும்

ஜாவாத் தீவின் யோக்யகர்த்தாவில் பிறந்தவனுக்கு இடது வலது எல்லாம் செருப்புப் போடுகிற நேரத்துக்கு மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் திசைதான் பேச்சு. தட்டைக் கொஞ்சம் கிழக்கே தள்ளு, கட்டிலில் மேற்கு ஓரமாகப் படு, தண்ணீர்ச் செம்பு உனக்கு வடக்கே இருக்கிறது பார். வாகிரானின் மனைவி இருந்த காலத்தில் முதுகைத் திருப்பிக் காட்டி, "இன்னும் கொஞ்சம் தெற்கால, ஆங், அங்கதான், நல்லா சொறிங்க" என்பாள். அந்த ஊரில் இதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். வடக்கே எரிமலை, தெற்கே கடல், நடுவில் ஊர். இதில் குழம்ப என்ன இருக்கிறது?

வாகிரான் அந்த ஊரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் கடிதம் போய்ச் சேரும் என்று பேர் வாங்கியவர். ஊரை விட்டு வெளியே போனதில்லை. குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டிய ஆள்தான், ஆனால் நன்றாக ஓட்டினார், அதையும் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர் முதல்முறையாகக் கடல் தாண்டிப் பினாங்குக்கு வந்திருந்தார், மகள் ரெத்னோவைப் பார்க்க.

பார்க்க என்பது பேச்சுக்கு. ரெத்னோ அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். அதே தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிற ஹில்மி என்ற பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். ஜார்ஜ்டவுன், அதாவது பினாங்கு நகரத்துப் பையன். இன்று மாலை தேநீருக்கு அவன் வீட்டுக்குப் போய், பார்த்து, அப்பா பதில் சொல்ல வேண்டும். நாளைக்கு அவருக்கு ஊருக்கு விமானம்.

பதிலை அவர் வரும்போதே கொண்டுவந்துவிட்டார். 'யோசிச்சுச் சொல்றேன்' என்பதுதான் அது. ஜாவாக்காரன் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல மாட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னானென்றால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, கதை முடிந்தது என்று அர்த்தம். பினாங்குக்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம். ரெத்னோவுக்குப் புரியும். அவருக்கு அந்தப் பையன்மேல் கோபம் ஒன்றுமில்லை. மகள் இங்கேயே தங்கிவிடுவாளே என்கிற பயம். அதை வெளியே சொல்ல வெட்கம்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே ரெத்னோ கேட்டாள்.

"அப்பா, ஹில்மியோட அப்பா காரை எடுத்துட்டு வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேங்கிறாரு."

"தபால்காரனைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி வீடு காட்டணுமா? நல்லாருக்கு கதை. வழியச் சொல்லு, நானே ஊரையும் சுத்திப் பாத்துட்டுப் போயிக்கிறேன்."

"திடல்ல பஸ்ஸ விட்டு இறங்குங்க. மணிக்கூண்டு இருக்கும். அங்கருந்து மேற்கால போனா பெரிய சந்தை. சந்தையத் தாண்டித் தெற்கே மூணாவது சந்து. வடக்குப் பாத்த பச்சை வீடு, வாசல்ல ஜம்பு மரம். சந்து பேரு வந்து..."

"பேரெல்லாம் தபால் பிரிக்கிறவனுக்கு. நடக்கிறவனுக்குத் திசை போதும்."

"சரிப்பா. ஆனா அங்க கடல் வந்து..."

"கடல் எங்க இருக்கும்னு எனக்கே சொல்லித் தர்றியா நீ?"

ரெத்னோ வாயை மூடிக்கொண்டாள். அவள் மட்டும் அந்த வாக்கியத்தை முடித்திருந்தால் வாகிரானுக்கு அன்றைக்கு ஒரு குறையும் வந்திருக்காது. தன்னுடைய பழைய கைபேசியை மட்டும் அவர் பையில் போட்டாள். வீம்புக்கு அதை அவர் பையின் அடிக்குத் தள்ளிவிட்டு, மேலே சம்பந்தி வீட்டுக்காக ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியை வைத்துக்கொண்டார். பாசிப்பயறு பூரணம் வைத்த பக்பியா, பெட்டி நிறைய.

திடலில் பஸ்ஸை விட்டு இறங்கினார். வானம் கறுத்துக் கிடந்தது, சூரியன் இருக்கிற இடமே தெரியவில்லை. எதிரே கடல். வாகிரானுக்கு மனசு நிறைந்துவிட்டது. கடல் என்றால் தெற்கு. பிறந்த நாளிலிருந்து அப்படித்தான். அவர் கடலைப் பார்த்து நின்று, இது தெற்கு, அப்படியானால் வலது கைப் பக்கம் மேற்கு என்று ஒரு முடிவுக்கு வந்து, வலது பக்கம் திரும்பி விறுவிறுவென்று நடந்தார். பினாங்குக்காரனிடம் கேட்டால் அந்தக் கடல் வடக்கே இருக்கிறது என்று... சொல்ல மாட்டான், அவனுக்கும் தெரியாது. ஆனால் அது வடக்கேதான் இருக்கிறது.

மேற்கே என்று நினைத்துக் கிழக்கே நடந்தவருக்கு, அங்கிருந்த பழைய கோட்டையைத் தாண்டியதும் மறுபடி கடல் வந்து நின்றது. இதென்ன ஊர், மேற்கேயும் கடலா என்று அதிசயப்பட்டார். சந்தை இந்தக் கரையோரமாகத்தான் எங்கேயோ இருக்க வேண்டும் என்று சாலை போன போக்கில் போனார். அப்போது மழை கொட்டத் தொடங்கியது. பக்கத்தில் பெரிய கொட்டகை ஒன்றுக்குள் கூட்டம் ஓடியது, இவரும் ஓடினார். உள்ளே நீளமான பெஞ்சுகள், மூட்டை முடிச்சுடன் ஜனங்கள். பஸ் நிலையம் போலிருக்கிறது என்று நினைத்தார். சற்று நேரத்தில் கூட்டம் எழுந்து இடித்துக்கொண்டு முன்னே போனது, மழைச் சாரலுக்குப் பயந்து இவரும் கூடவே போய் அங்கே இருந்த இன்னொரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பஸ் நிலையம் நகர ஆரம்பித்தது.

பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண்மணி அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த ஊரில் வயதானவர்களைப் பாக்சிக் என்று கூப்பிடுவார்கள்.

"என்ன பாக்சிக், மயக்கமா? எங்க போறீங்க?"

"சந்தைக்கு."

"அக்கரையில எந்தச் சந்தைக்கு?"

"அக்கரையா?"

"இது பட்டர்வொர்த் போற கப்பலு பாக்சிக். ஏறும்போது தெரியலையா?"

தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? இந்தப் பக்கத்திலிருந்து போகச் சீட்டும் கிடையாது, திரும்பி வரும்போதுதான் காசு, அதனால் தடுத்து நிறுத்தவும் ஆளில்லை. வாகிரான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தெரியுமே. சும்மா காத்து வாங்கலாம்னுதான்."

"இந்த மழையிலயா?"

"மழைக்காத்து உடம்புக்கு நல்லது."

வாகிரான் வெட்கத்தை மறைக்கப் பெட்டியைத் திறந்து அவளுக்கு ஒரு பக்பியா கொடுத்தார். அவள் நன்றாக இருக்கிறது என்றதும் அவள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுத்தார். அக்கரையில் இறங்கி, திரும்பி வருகிற வரிசை எது என்று காட்டிய காவல்காரருக்குக் கொடுத்தார், சில்லறை மாற்றித் தந்தவனுக்குக் கொடுத்தார். ஒருவரிடம் உதவி வாங்கிவிட்டு வெறுங்கையோடு நகர அவருக்கு வராது. தீவுக்குத் திரும்பி வந்து சேர்ந்தபோது பெட்டி பாதியாகியிருந்தது, பசியும் வந்திருந்தது. சம்பந்தி வீட்டுப் பண்டத்தில் கை வைக்கலாமா? வைக்கவில்லை.

தொழுகை நேரம் வந்ததால் ஒரு பழைய பள்ளிவாசலுக்குள் நுழைந்தார். உள்ளே போய்ப் பார்த்தால் ஜமாஅத் முழுக்கக் கிழக்கே பார்த்து நின்றுகொண்டிருந்தது. வாகிரானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோக்யகர்த்தாவில் ஒரு காலத்தில் பள்ளிவாசல் திசை சரியில்லை என்று பெரிய ரகளையே நடந்திருக்கிறது, அதுகூடக் கொஞ்சம் கோணல் என்றுதான் சண்டை. இங்கே முழுசாக மக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்களே! எல்லோரோடும் நின்றார், குனிந்தார், ஆனால் கழுத்து மட்டும் அடிக்கடி பின்னால் திரும்பியது.

தொழுகை முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர் அக்கறையாகக் கேட்டார். "கழுத்து வலியா பாக்சிக்? தைலம் இருக்கு, தரவா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை பேர் தப்பாக இருக்க முடியாது. தப்பு தன் பக்கம்தான். படியில் உட்கார்ந்து மனசுக்குள் ஊரைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். தொழுத பக்கம் மேற்கு, அப்படியானால் இந்தப் பக்கம் நடந்தால் சந்தை. எழுந்து நடந்தார். இரண்டு தெரு சரியாகவே போனார். ஒரு திருப்பத்தில், தெருக்கோடியில் ஒரு கீற்றுக் கடல் தெரிந்தது. அவ்வளவுதான், உள்ளே திருப்பி வைத்த ஊர் பொத்தென்று பழையபடி விழுந்துவிட்டது. தலைக்குப் புரிந்தது காலுக்குப் புரியவில்லை. கடல் என்றால் தெற்குதான், கால் என்ன செய்யும்?

இனி கேட்டுவிட வேண்டியதுதான் என்று இறங்கிவந்து, கடைக்காரர் ஒருவரிடம் வடக்கு எது என்று கேட்டார்.

"வடக்கா? அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு? நேராப் போயி லெஃப்ட்டு எடுங்க, பெட்ரோல் பங்க்குல ரைட்டு."

"நான் எங்க போறேன்னே நீங்க கேக்கலியே."

"எங்க போனாலும் அப்படித்தான் போகணும். ஒருவழிப் பாதை."

பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் வடக்கு என்றதும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி வானத்தைக் காட்டினாள். வரைபடத்தில் வடக்கு மேலேதானே இருக்கிறது! வாகிரான் இருவருக்கும் பக்பியா கொடுத்தார், தைலக்காரருக்கும் கடைக்காரருக்கும் வழியில் கேட்ட எல்லோருக்கும் கொடுத்தது போலவே.

சொன்ன நேரம் கடந்துவிட்டது. மானத்தை விட்டுக் கைபேசியை எடுத்தார். பையின் அடியில் மழைத்தண்ணீர் தேங்கி, அது ஊறிப்போய்க் கிடந்தது. அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், உயிரில்லை. கடைசியில் மரத்தடியில் நின்ற சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றில் ஏறி உட்கார்ந்தார். ஓட்டுகிறவர் பூன் என்ற வயதான சீனர்.

"எங்க போகணும்?"

"மேற்கே."

"மேற்கே எங்க?"

"நீங்க மிதிங்க, நான் கை காட்டுறேன்."

ரிக்‌ஷாவில் ஆள் முன்னால் உட்கார, ஓட்டுகிறவர் பின்னால் இருந்து மிதிப்பார். முன்னால் இருந்து வாகிரான் கை காட்டக் காட்ட, பூன் பாவம், நம்பி மிதித்தார். ஒரு காப்பிக்கடையைக் கடந்தார்கள். மறுபடி அதே காப்பிக்கடையைக் கடந்தார்கள். மூன்றாம் தடவை கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கோப்பையைத் தூக்கிக் காட்டி வாழ்த்துச் சொன்னார்கள். பூன் பிரேக்கைப் போட்டு இறங்கி முன்னால் வந்தார்.

"பாக்சிக், எனக்கு முட்டி வலி. எங்க போகணும்னு சொல்லுங்க. எப்படிப் போகணும்னு சொல்லாதீங்க."

"பச்சை வீடு. வாசல்ல ஜம்பு மரம். வடக்குப் பாத்தது."

"பச்சை வீடு தெருவுக்கு நாலு இருக்கு. ஜம்பு மரம் எங்க வீட்டுலயும்தான் இருக்கு. தெரு பேரு?"

"தெரியாது."

"பேரு தெரியாம எவனாச்சும் வீட்டை விட்டுக் கிளம்புவானா?"

பேரைச் சொல்ல வந்தவளை வாயடைத்தவர் வாகிரான்தானே. மறுப்பதற்காகவே போனாலும் மரியாதையாகப் போய் மறுக்க வேண்டும். காத்திருக்க வைத்துவிட்டு எந்த முகத்தோடு போய் யோசித்துச் சொல்கிறேன் என்பது? ரெத்னோ மாலையில் அங்கே வந்து, அப்பா வரவே இல்லை என்று கேட்டால் அவள் முகம் எப்படி இருக்கும்? கூடவே இன்னொன்றும் தோன்றியது. பத்தொன்பது வயதில் அவள் இந்த ஊரில் தனியாக வந்து இறங்கினாளே, அவளும் இப்படித்தான் சுற்றியிருப்பாளா? யாரைக் கேட்டிருப்பாள்?

"வடக்கு எதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்," என்றார் வாகிரான். குரல் கம்மிவிட்டது.

பூன் அவரைப் பார்த்துச் சிரித்தார். "இந்த ஊர்ல என்கிட்ட வடக்கு பேசுன ரெண்டாவது பைத்தியம் நீங்க."

"மொதல்ல யாரு?"

"எங்க பக்கத்துச் சந்துல ஒரு பையன். நடுத்தெருவுல வெளக்குமாத்துக் கட்டைய நட்டு வெச்சு, காலையில நிழலு, சாயங்காலம் நிழலுன்னு சாக்பீஸால கோடு போட்டுக்கிட்டு இருந்தான். என் வண்டி அது மேல ஏறிடுச்சு. 'ஐயோ அங்கிள், வடக்க ஒடச்சிட்டீங்களே'ன்னு கத்துறான்! தெருவே சிரிச்சுது. வாங்க, உங்களைக் கொண்டுபோயி அவன்கிட்டயே விட்டுடறேன். ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க."

வாகிரான் மறுக்கவில்லை, கையும் காட்டவில்லை. பூன் தன் இஷ்டப்படி மிதித்தார். சந்தை வந்தது. அதைத் தாண்டிச் சந்துகள் வந்தன. ஒரு பச்சை நிறப் பலகை வீட்டின் முன்னால் வண்டி நின்றது. வாசலில் ஜம்பு மரம்.

வாகிரான் இறங்கவில்லை. "இது இல்ல. பச்சைதான், ஜம்புதான், ஆனா இது தெற்குப் பாத்த வீடு."

"இறங்குங்கய்யா, புண்ணியமாப் போகும்!"

சத்தம் கேட்டு ஒரு அம்மாள் வெளியே ஓடிவந்தாள். "நீங்க ரெத்னோவோட அப்பாதானே? யா அல்லா, வந்துட்டீங்களா! மழையில எங்க போனீங்களோன்னு எங்களுக்கு உயிரே இல்ல. ஹில்மி மோட்டார் சைக்கிள்ல தேடிட்டு இப்பதான் வந்தான்."

பூன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாரு, பைத்தியத்துக்குப் பைத்தியம் சம்பந்தம்." அவருக்கும் ஒரு பக்பியா போயிற்று.

உள்ளே ஹில்மியின் அப்பா எழுந்து நின்று வரவேற்றார். தலை ஈரம் காயாத ஒரு பையன் வந்து கையைத் தொட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டான். இவன்தான் ஹில்மி. ஒல்லியாக, கூச்சமாக இருந்தான். வாகிரான் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு உட்கார்ந்தார். ஹில்மியின் அம்மா பெட்டியை வாங்கிப் பெரிய நன்றியெல்லாம் சொல்லித் திறந்தாள். அவ்வளவு பெரிய பெட்டியில் ஒரே ஒரு பக்பியா, அதுவும் ஓரம் நசுங்கி. அவள் ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தாள். நல்ல அம்மாள்.

"பாக்சிக்குக் காத்து வரல," என்றான் ஹில்மி. "கொஞ்சம் தெற்கால தள்ளி உக்காருங்க, ஃபேன் நல்லா வரும்."

வாகிரான் திடுக்கிட்டு அவனைப் பார்த்தார். காலையிலிருந்து இந்த ஊரில் ஒருத்தர் வாயில் வராத வார்த்தை. சந்தோஷமாக எழுந்து தெற்கே, அதாவது வாசல் பக்கம், நகர்ந்து உட்கார்ந்தார். காற்று சுத்தமாக நின்றுபோயிற்று.

"இல்ல பாக்சிக், அது வடக்கு."

பெண்ணைப் பெற்றவர் வந்து உட்கார்ந்த முதல் நிமிஷத்திலேயே அவரைத் திருத்துகிறான்! ஹில்மியின் அம்மா அவன் தொடையில் கிள்ளினாள்.

"தம்பி, நான் தபால்காரன்," என்றார் வாகிரான்.

"தெரியும் பாக்சிக். ரெத்னோ சொல்லியிருக்காங்க."

"வாசல் பக்கம் தெற்கு."

ஹில்மி தலையைக் குனிந்துகொண்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனால் அவன், "மன்னிக்கணும், வாசல் வடக்கு," என்றான்.

"எப்படிச் சொல்றே?"

"மொதல் தடவை நான் ரெத்னோவ டவுனுக்குக் கூட்டிட்டு வந்தப்போ, திடல்ல பஸ்ஸ விட்டு இறங்கினதுமே வடக்கு எதுன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. பொறந்து வளந்த ஊரு, தெரியல. அவங்க அங்கயே புல்லுல உக்காந்து அழுதாங்க. கடல் தப்பான பக்கத்துல இருக்குன்னு. இத்தனை மாசமா ஒரு நாள்கூட எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கிறேன்னு தெரியாமலே தூங்குறேன்னு. நான் என்ன பண்ணட்டும்? குச்சி நட்டுப் பாத்தேன். அப்புறம் ஊர் பூரா நடந்து, எது எதுக்கு எது வடக்குன்னு மனப்பாடம் பண்ணினேன்."

வாகிரானுக்கு அந்தத் திடல் கண் முன்னால் வந்தது. காலையில் தான் நெஞ்சை நிமிர்த்தி நின்ற அதே இடம். அங்கே புல்லில் உட்கார்ந்து அழுத மகளை நினைத்ததும் அவருக்குக் கண் கரித்தது. ஒரு தடவைகூட வீட்டுக்குத் தொலைபேசியில் இதைச் சொல்லவில்லையே அவள்.

அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது. பக்கத்துச் சன்னல் வழியாகச் சாயங்கால வெயில் உள்ளே வந்து தரையில் நீளமாக விழுந்தது. வாகிரானின் கணக்குப்படி அது கிழக்குச் சன்னல். சூரியன் சாயங்காலம் கிழக்கே நிற்குமா? அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். பள்ளிவாசல், படகுத்துறை, காப்பிக்கடை, மணிக்கூண்டு, கடல் எல்லாம் அவர் தலைக்குள் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி, போய்ச் சேர வேண்டிய இடத்தில் உட்கார்ந்தன. இந்தத் தடவை திரும்பி விழவில்லை.

எழுந்தார். வாசலிலிருந்து விலகி, தெற்கே நகர்ந்து உட்கார்ந்தார். காற்று நன்றாக வந்தது.

தேநீர் இரண்டாம் தடவை ஊற்றும்போது ரெத்னோ வந்துவிட்டாள். தொழிற்சாலைச் சட்டையோடு, ஓடிவந்த மூச்சோடு வாசலிலேயே நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அதில் ஒன்றும் தெரியவில்லை. ஹில்மியின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்கு ஊருக்குக் கிளம்புறீங்க. பிள்ளைங்க விஷயமா உங்க மனசுல என்ன இருக்குன்னு சொன்னீங்கன்னா..."

ரெத்னோவின் விரல்கள் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டன. 'யோசிச்சுச் சொல்றேன்' என்கிற அந்த இரண்டு வார்த்தையை அவள் சின்ன வயதிலிருந்து அறிவாள். எத்தனை பேருக்கு அப்பா அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

வாகிரான் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏன் வாசல்லயே நிக்கிற? உள்ள வா. அவனுக்குக் கிழக்கால இடம் இருக்கு பாரு, போயி உக்காரு."

ரெத்னோ முதலில் ஹில்மிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு வெயில் வந்த சன்னலைப் பார்த்தாள். அப்பா சொன்ன திசை சரியாக இருந்தது. உள்ளே வந்து, ஹில்மிக்குக் கிழக்கே உட்கார்ந்தாள்.

ஹில்மியின் அம்மாவுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. மகன் காதருகில் குனிந்து, "என்னடா, பதிலே சொல்லாம உக்காரச் சொல்றாரு?" என்றாள்.

"சொல்லிட்டாரும்மா," என்றான் ஹில்மி. "அந்தப் பெட்டிய எடு."

இருந்த ஒற்றை பக்பியாவை அவள் கத்தியால் ஐந்தாக நறுக்கினாள். காலையிலிருந்து சாப்பிடாத வாகிரான் தன் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, இன்னும் ஒரு கோப்பை தேநீர் கேட்டார்.